பூஜ்யத்தில் தொடங்குதல்

சோமனூர் பள்ளி ஆய்வகம், மே மாதத்து இரண்டாம் செவ்வாய்.
நாற்பது இயற்பியல் ஆசிரியர்கள்.
குண்டுகள் பித்தளை; நூல், பக்கத்துத் தறிக்காரர் சும்மா கொடுத்தது.
சுவருக்கு அந்தப்புறம் அவருடைய விசைத்தறிகள்
தடக்கு தடக்கென்று
என் பேச்சில் பாதியைத் தின்றுவிடுகின்றன.

ஊசலை ஆட்டுங்கள் என்றேன்.
நீளம் நூறு சென்டிமீட்டர், இருபது அலைவு.
முக்கால் மணியில் நோட்டுகள் வந்துவிட்டன.
ஒன்பது புள்ளி எட்டு.
ஒன்பது புள்ளி எட்டு.
ஒன்பது புள்ளி எட்டு ஒன்று, பொங்கியண்ணன் சார்,
அவர் கொஞ்சம் துணிச்சல்காரர்.
கோபியும் பல்லடமும் தாராபுரமும்
ஒரே பூமியில் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.
ஆனால் அவருடைய கடிகாரப் பொத்தான்
இரண்டு முறை சிக்கியதை நான் பார்த்தேன்.

காங்கேயத்து மயிலாவதி மட்டும்
நோட்டை மூடிப் பிடித்தபடி கடைசியாக வந்தார்.
பத்து புள்ளி ஒன்பது.
"மூணு தடவை பாத்தாச்சுங்க மேடம், இதேதான் வருதுங்க.
மாத்தி எழுதீரட்டுங்களா?"

வேண்டாம். இன்னொரு தரம் ஆட்டுங்கள், நான் பார்க்கிறேன்.
குண்டு நடுக்கோட்டைக் கடந்த கணத்தில்
பொத்தானை அழுத்தி
"ஒண்ணு" என்றார்.

அவ்வளவுதான் விஷயம்.
ஓர் அலைவும் முடியாத இடத்தில்
வாய் ஒன்று என்றுவிட்டது.
பத்தொன்பதை இருபதாக்கிக்கொண்டு
காங்கேயத்துப் பூமி
கொஞ்சம் கூடுதலாகவே இழுத்திருக்கிறது.

"அப்ப பூஜ்யம்னு ஆரம்பிக்கோணுங்களா?"
அவரே சொல்லி, அவரே சிரித்து,
மறுபடி ஆட்டினார். ஒன்பது புள்ளி ஏழு.
எட்டுக்கு ஏற்றவில்லை. ஏழு என்றே எழுதினார்.

அந்தியூரில் என் முதல் வருடம்.
செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள்
கரும்பலகையில் விடையை எழுதிப் போட்டேன்,
மதிப்பெண் போகக் கூடாதே என்று.
ஒரு பையன், கொமாரசாமி,
அப்படியும் பத்து புள்ளி ஒன்பது கொண்டுவந்தான்.
சிவப்பு மையால் அடித்தேன்.
எங்கிருந்து எண்ணினாய் என்று கேட்கவில்லை.
அன்று எனக்கே அந்தக் கேள்வி தெரியாது.

அடுத்த மாதம் ஓய்வு.
பணிப்பதிவேட்டில் முப்பத்தொன்று என்று போட்டிருக்கிறார்கள்.
எழுத்தர் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுகிறார், அது அவர் வேலை.
நான் எண்ணினால் முப்பதுதான் வருகிறது.

கரண்ட் போனது. தறிகள் நின்றன.
சட்டென்று விழுந்த அமைதியில்
பின்பெஞ்சிலிருந்து ஒரு சின்னச் சத்தம்:
பொங்கியண்ணன் சார்
தன் நோட்டில் எதையோ
ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார்.