வெற்றுக் கணு

ஈசாஃபியர்துரில் நவம்பர் கடைசியில்
மலை சூரியனைக் கடன் வாங்கும்.
ஜனவரி இருபத்தைந்துவரை திருப்பித் தராது.
அந்த இருட்டு முழுவதும் ஸ்டெய்ன்வோர்
ஆவணக் கிடங்கின் மாடியில் உட்கார்ந்து
தேவாலயப் பதிவேடுகளை
மும்மூன்று சொல்லாக உடைத்துக்கொண்டிருந்தாள்.
கீழ்த்தளத்தில் சர்வருக்குக் காவல் நான்.

மூன்றே உறுப்பு: யார், என்ன உறவு, எதனோடு.
எய்னார் — மணந்தான் — குத்லாகை.
எய்னார் — மூழ்கினான் — ஒரு செவ்வாய்க்கிழமை.
ஐயோ என்பதற்கு இடம் கிடையாது.
பழைய பாதிரியார் அப்படிச் சிக்கனக்காரர் அல்ல.
ஓரத்தில் கிறுக்கியிருந்தார்:
"அன்று பனி, ஆட்டின் கொம்பு மட்டம்."
பனியைச் சென்டிமீட்டர் ஆக்கினாள்.
ஆடு வெளியே நின்றுவிட்டது.

குடும்பப் பெயர் கட்டாயம் என்றது
ஐரோப்பாவிலிருந்து வந்த வார்ப்பு.
இங்கே யாருக்கும் குடும்பப் பெயர் இல்லை,
அப்பன் பெயரோடு ஒரு மகன், ஒரு மகள், அவ்வளவுதான்.
ஒரே வரி எழுதி அனுப்பினாள்:
"கட்டாயத்தை எடுங்கள், அல்லது எங்களை எடுத்துவிடுங்கள்."
பதினொரு நாள் கழித்துக் கட்டாயத்தை எடுத்தார்கள்.

டிசம்பர் நடுவில் ஒரு தப்பு செய்தாள்.
ஹோல் பண்ணையில் ஒரு பியார்கெய், எய்னார் மகள்.
கடலுக்கு அப்பால் கிம்லி ஊர்ப் பட்டியலிலும்
ஒரு பியார்கெய், எய்னார் மகள்.
"இவளே அவள்" என்று முடிச்சுப் போட்டுவிட்டு
வீட்டுக்குப் போனாள்.
ராத்திரி அனுமான இயந்திரம் கூட்டிப் பார்த்தது:
1871இல் காய்ச்சலில் செத்தவள்
1877இல் கிம்லியில் இரட்டைப் பிள்ளை பெற்றிருக்கிறாள்.
இயந்திரம் சிரிக்கவில்லை. முரண் என்று மட்டும் சொன்னது.
காலையில் நான்தான் சிரித்தேன்.
அவள் முடிச்சை அவிழ்த்து
"இவளைப் போல ஒருத்தி" என்று தளர்த்திக் கட்டினாள்.

பிறகு அந்த வரி வந்தது.
முப்பத்தொன்றாம் பக்கம், மார்ச் மூன்று:
*பெண். மூச்சில்லை. பெயரிடவில்லை.*

இப்படிப்பட்டவர்களுக்கென்று
மென்பொருளில் ஓர் ஏற்பாடு உண்டு.
முகவரியில்லாத வெற்றுக் கணு.
இன்றைக்கு பி47 என்று இருக்கும்.
கோப்பை மறுபடி எழுதினால் பி12 ஆகும்.
உள்ளேயிருந்து தாயைக் காட்டலாம், தகப்பனைக் காட்டலாம்.
வெளியேயிருந்து யாரும் அதைச் சுட்ட முடியாது.

"அப்படியே விடு" என்றேன். "யார் தேடப்போகிறார்கள்?"

அவள் பதில் சொல்லவில்லை.
பெயர் சூட்டவும் இல்லை; அது தன் வேலை அல்ல என்றாள்.
பங்கு எண், பக்கம், ஒன்பதாவது வரி,
இவற்றைச் சேர்த்து ஒரு முகவரி கட்டினாள்.
இனி நகராதது.
பெயர்க் கட்டம் காலியாகவே இருந்தது.
எனக்கு உறுத்தியது. பூஜ்யமாவது போடேன் என்றேன்.
"வேண்டாம். இந்த இலக்கணத்தில்
சொல்லாதது பொய்யில்லை, தோர்லாகுர்.
சொல்லாதது, அவ்வளவே."

சூரியன் திரும்பிய அன்று வெளியிட்டோம்.
ஊரே ஜன்னலோரம் அப்பம் சுட்டுக் காப்பி குடித்தது.
வெளிச்சம் எங்கள் தெருவில் நாலு நிமிடம் நின்றது,
அதிலும் பாதியை மேகம் தின்றது.
பாராட்டு ஒன்றும் வரவில்லை.
மாடிப் படியில் யாரும் ஏறவில்லை.

மறுநாள் சர்வர் குறிப்பைப் புரட்டினேன்.
விடியற்காலை 4:12.
எந்த நாட்டிலிருந்தோ ஒரு தானியங்கி,
ஆள் இல்லை, அக்கறை இல்லை,
கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறது.
முப்பத்தொன்றாம் பக்கம், ஒன்பதாவது வரி,
இருக்கிறாளா?
இருநூறு என்றிருக்கிறது சர்வர்.
எங்கள் தொழிலில் அதற்குப் பொருள்: இருக்கிறாள்.

தானியங்கி அதைக் குறித்துக்கொண்டு
பத்தாவது வரிக்குப் போயிருக்கிறது.
நான் போகவில்லை.