ஏலாது

கும்பகோணம் கோர்ட்டு வாசல், ஜெராக்ஸ் கடைக்குப் பின்னறை.
மனுதாரர் கிருபைநாதன், வயது நாற்பத்தொன்று,
தகப்பனார் தவராசா, பிறந்த ஊர் வட்டுவாகல்,
இப்போது முகாம், பதினேழாம் எண் வீடு.
பதினான்கு நாளில் நாட்டைவிட்டு வெளியேற உத்தரவு.
ஆறு நாள் போய்விட்டது.
நான் தட்டச்சு செய்கிறேன், பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.

இணைப்பு மூன்று, விசாரணைக் குறிப்பு:
திரும்பிப் போக மனுதாரருக்கு விருப்பமில்லை.

அவர் விரலை அந்த இடத்தில் வைத்தார்.
"விருப்பமில்லை எண்டு நான் சொல்லேல்லை.
ஏலாது எண்டனான்."

எழுதியவரும் தமிழ்தான், சொன்னவரும் தமிழ்தான்.
இடையில் கொஞ்சம் கடல்.

வக்கீல் மெஹருன்னிசா அதை அடிக்கோடிட்டார்.
அங்கே போனால் இவருக்கு என்ன ஆகுமென்று
மதுரை பெஞ்ச் கேட்காதாம்.
அதிகாரி கேட்டாரா என்று மட்டும் கேட்குமாம்.

ராத்திரி வீட்டில் சொன்னேன்.
என் வீட்டுக்காரர் அரசலாற்று மதகில் லஸ்கர்.
"ஏ.இ. வந்து ரெஜிஸ்தர் பார்க்கிற மாதிரி.
எந்த முறைக்கு எத்தனை அடி ஷட்டர் ஏத்துனேன்னு பார்ப்பாரு.
கடைமடையில வயல் நனைஞ்சுதான்னு
போய்ப் பார்க்க மாட்டாரு."
விளக்கணைத்த பிறகு இருட்டிலிருந்து:
"ஆனா ரெஜிஸ்தர்ல பொய் இருந்தா
அங்கதான் மாட்டிக்குவோம்."

பன்னிரண்டாம் நாள் இடைக்காலத் தடை வந்தது,
வாட்ஸ்அப்பில், சாய்ந்த புகைப்படமாக.
அவர் மனைவி பெரிதாக்கிப் பார்த்தாள்.
"தடை எண்டா எத்தினை நாளைக்கு?"

தீர்ப்பு ஐப்பசியில்.
உத்தரவு ரத்து. நான் துள்ளிவிட்டேன்.
வக்கீல் கடைசிப் பத்தியைப் படித்துக் காட்டினார்:
அதே அலுவலகம், எட்டு வாரத்துக்குள்,
புதிதாக விசாரித்து முடிவெடுக்க வேண்டும்.

புதிதாக என்றால் வேறு நாற்காலி இல்லை.
வேறு மின்விசிறிகூட இல்லை.

போவதற்கு முன் அவரிடம் சொல்லிப் பார்த்தேன்:
அண்ணே, இந்தத் தடவை முடியாதுன்னே சொல்லிடுங்க.
சட்டைப் பையில் நாலாக மடித்த தீர்ப்பைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மழை. பாதி திறந்த கதவுக்கு வெளியே
பெஞ்சில் நான், மடியில் நனைந்த கோப்பு.
உள்ளே அதே கேள்வி.

"ஏலாது" என்றார் கிருபைநாதன்.

எழுதப் போன பேனா நின்றது.
அதிகாரி நிமிர்ந்தார்.

"ஏலாதுன்னா?"