மருந்துக்கடை வழி

பெட்டியில் பாறையேறும் காலணி இருக்கிறதா என்று
விமான நிலையத்திலேயே கேட்டாய்.
இல்லை என்றேன்.
உன் துண்டுக்குள்தான் சுற்றி வைத்திருந்தேன்.

சார்தீனியாவின் கிழக்குக் கரை.
மூன்று நாளாக நீ கடலைப் பார்த்தாய்.
நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
சுண்ணாம்புக் குன்றுகளை.
எங்கோ போல்ட் அடித்திருப்பார்கள்.
எங்கே?

குடை வாடகைக்காரர் தோளைக் குலுக்கினார்.
படகோட்டி பக்கிஸியோ சொன்னார்:
"மேலே ஆடுகள் ஏறும்.
மனிதருக்குத்தான் படகு இருக்கிறதே."

நாலாம் நாள் உன் முதுகு வெந்துபோனது.
களிம்பு வாங்கப் போனேன்.
மீதிச் சில்லறையை எண்ணிய பெண்ணுக்கு
விரல்நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.
நகக்கண்ணில்
சாக்பீஸ் தூள் மாதிரி ஒரு வெள்ளை.
பேசாமல் என் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன்.
எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

கவினா என்றது சட்டைப் பட்டயம்.
மருந்துப் பையின் பின்னால் வரைந்தாள்:
கல்லறைத் தோட்டம், அறுந்த வேலி, அத்திமரம்,
அங்கிருந்து நிமிர்ந்து நிற்கும் ஓர் அம்புக்குறி.
"குன்றின் மறுபக்கம். நண்பகல் வரை நிழல்.
மூன்றாவது போல்ட்டை நம்பாதே,
உப்பு தின்றுவிட்டது.
கயிறு நான் கொண்டுவருகிறேன், ஆறு மணிக்கு.
ஒன்பதுக்குக் கடை திறக்க வேண்டும்."

குப்புறப் படுத்திருந்த உனக்குத் தடவிவிட்டேன்.
தலையணையோரம் கிடந்த பையைத் திருப்பினாய்.
நெடுநேரம் பார்த்தாய்.

நான் சொல்லவேண்டியதைத்
தொண்டையில் கோத்துக்கொண்டிருந்தேன்.

"நிழல் என்று எழுதியிருக்கிறதே,"
என்றாய்,
"எவ்வளவு பெரிய நிழல்?"