புரட்டாசி எஞ்சின்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
இன்று நான்காம் கட்டம் என்றது கைபேசி.
எட்டுக்குப் போய்ப் பத்தரைக்கு வருமாம்.
ஏழே முக்காலுக்கே போய்விட்டது.

பின்சுவரோரம் நாய்க்கூண்டாக இருந்த தகரக் கொட்டகையில்
ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்.
கப்பல் பட்டறையில் வேலை போன மூன்றாம் மாதம்
இசிப்பிங்கோ பழைய இரும்புக் கடையில்
சாகரன் எடைக்கு வாங்கியது.
அன்றைக்குத் திட்டினேன்.
இப்போது அவன் இரவுக் காவலுக்குப் போகிறான்,
கைப்பிடி சுற்றுவது நான்.

எண்ணெய், மூசாவின் மீன்கடையில்.
வெள்ளிதோறும் இருபது லிட்டர், காசில்லை,
காலிக் கேனைக் கழுவித் தரவேண்டும், அவ்வளவுதான் பேச்சு.
தேன் நிறத்தில் வந்தால் அவருக்கு நல்ல வாரம்.
தார் நிறத்தில் வந்தால்
மூன்று நாள் எண்ணெயை ஆறு நாள் ஓட்டியிருக்கிறார்;
அந்த வாரம் நான் அவரிடம் அதிகம் பேசுவதில்லை.

மகனின் கிழிந்த ஜீன்ஸில் ஒரு கால்:
அடியில் முடிச்சு, மேலே கொக்கி.
சொட்டுச் சொட்டாய் வடியும்.
தங்குவது மாவுத் துணுக்கு, கருகிய சிப்ஸ்,
ஒருமுறை ஒரு முழு வால்.
பிறகு நீலப் பீப்பாயில் ஒரு வாரம், அசைக்காமல்.
தண்ணீர் அடிக்கு இறங்கும்.
இறங்கியிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.
சட்டியைக் காயவைத்து ஒரு கரண்டி விடு;
கடுகாய் வெடித்தால் இன்னும் ஈரம்,
பேசாமல் கிடந்தால் கொடுக்கலாம்.

டீசலில் கிளப்பிப் பத்து நிமிடம்.
சூடேறியபின் குழாயைத் திருப்பினால்
தொண்டையைக் கனைத்துக்கொண்ட ஆள்போல்
சத்தம் ஒரு படி இறங்கும்.
அப்புறம் வாசனை.
இருட்டில் தெரு முழுவதற்கும் பசியெடுக்கும்.

புரட்டாசி வந்தது.
தனிப் பானை, தனிக் கரண்டி, எங்கள் வீட்டிலும்தான்.
முதல் சனிக்கிழமை
மோகனாம்பாள் ஆண்டி சுவருக்கு மேல் தலை நீட்டினாள்:
"விளக்கேற்றி உட்கார்ந்தால் மூக்கில் மீன் ஏறுது.
நீ விரதம், உன் எஞ்சின் மட்டும் தின்னுதா?"

அவள் ஃபிரிட்ஜுக்கு ஒயர் இங்கிருந்துதான் போகிறது.
நான் அதைச் சொல்லவில்லை.
அவளே உள்ளே போய்ப் பிடுங்கி,
வட்டமாய்ச் சுருட்டிச் சுவர்மேல் வைத்தாள்.
ஃபிரிட்ஜில் அவள் இன்சுலின் இருக்கிறது.
அதையும் நான் சொல்லவில்லை.

கோயில் மடப்பள்ளியில் மூன்று லிட்டர் கிடைத்தது.
எதற்கு, எதற்கு என்று செயலாளர் துளைத்தார்.
விளக்குக்கு என்றேன்.
பொய்யில்லை.

படியவைக்க நாளில்லை.
இரண்டு தடவை ஜீன்ஸில் வடித்து
அடுப்பில் வைத்து, சடசடப்பு அடங்கும்வரை நின்றேன்.
அடுத்த சனிக்கிழமை, எட்டு மணிக்கு,
ஏழாம் யூனிட் முழுக்க உளுந்து வடை.
யாரோ ஜன்னலைத் திறந்து சிரித்தார்கள்.
சுவர்மேல் ஒயரின் நுனி கொஞ்சம் அசைந்து
அந்தப் பக்கமாய் இழுபட்டுப் போனது.

மூன்று லிட்டர் ஓர் இரவுக்குத்தான்.
ஞாயிற்றுக்கிழமை மறுபடி மூசா.
ஆண்டி வீட்டு ஜன்னல்கள் அடைத்திருந்தன,
இடுக்கில் சாம்பிராணி, சமையலுக்குப் போடுகிற அளவில்.
ஒயர் அசையவில்லை.

பத்தரைக்குத் தெருவிளக்கு வருகிறது.
உடனே அணைக்கக் கூடாது.
மறுபடி டீசலுக்குத் திருப்பி ஐந்து நிமிடம்;
வாய் கொப்பளிக்காமல் படுக்கவைத்தால்
குழாயில் எண்ணெய் உறைந்துவிடும்.
ஜூலையில் ஒருநாள் மறந்தேன்,
மறுநாள் இறங்கியது என் தோள்பட்டை.

ஐந்து நிமிடம் கொட்டகையில் நிற்கிறேன்.
மீன் மெல்ல விலகி
வெறும் டீசல் நாறுகிறது, எந்த மாதமும் தெரியாத நாற்றம்.
நிறுத்துகிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஃபிரிட்ஜ்
ஒருமுறை குலுங்கி நின்று,
யாரோ பிளக்கை மாற்றிச் செருகும் சத்தம்,
பிறகு தானாக மூச்சுவிட ஆரம்பிக்கிறது.