ஒற்றைக் கால்

கழுத்தில் மாட்டச் சொல்லி ஓர் அட்டை தந்தார்கள்:
ச. தமயந்தி, ஆரம்பநிலை.
பத்தொன்பது வருடம் கடலாடிக் கிளையில்
காசாளராக உட்கார்ந்தவளை
நாற்பத்தி நாலு வயதில்
அரிச்சுவடிக்கு அனுப்பிவிட்டது பறவைத் திருவிழா.

இரவல் தொலைநோக்கியில்
முதலில் தெரிந்தது என் இமைமுடி.
அப்புறம் யாருடைய சட்டையோ, பூப்போட்டது.
அப்புறம்
முகத்தில் வந்து மோதுவதுபோல் ஒரு கூழைக்கடா.
பின்னால் துள்ளி
ஒருவர் காலை மிதித்துவிட்டேன்.

சனிக்கிழமை, மேலச்செல்வனூர்க் கண்மாய்.
சங்குவளை நாரை என்றார்கள், எழுதினேன்.
நத்தைகுத்தி என்றார்கள், எழுதினேன்.
பீரங்கி லென்ஸ்காரர்கள்
தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டார்கள்.
நானாகவே கண்டுபிடித்தது ஒரே ஒரு பூநாரை:
தூரத்துக் கருவேலத்தில்,
இளஞ்சிவப்பாய், அசையாமல்.
ஜவுளிக்கடைப் பை அது.
'எனக்கும் இப்படி ஆகியிருக்கு மேடம்' என்றாள் ஜெசிந்தா,
மூக்கையூர்க்காரி, இருபத்திரண்டு வயது,
கல்லூரி ஆய்வுக்காகக் கரைப்பறவைகளை எண்ணுகிறவள்.
பொய்யாக இருக்கலாம்.
எலுமிச்சை சோற்றோடு அதையும் வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி பள்ளிக்கூட வகுப்பறையில் பாய்.
கண்ணை மூடினால் அலகு அலகாக வந்தது.

ஞாயிறு விடியலில் வாலிநோக்கம்.
கடல் உள்வாங்கிய சேற்றில்
தவிட்டு நிறமாய் ஒரு பரப்பு.
மண் என்றுதான் நினைத்தேன்,
அது நடந்தது.
எத்தனை இருக்கும்?
ஐந்நூறு என்றார் ஒருவர்.
ரெண்டாயிரம் குறையாது என்றார் லென்ஸ்காரர்.
எனக்குப் பெயர்தான் தெரியாது,
எண்ணத் தெரியும்.
நூறு நூறாகக் கட்டுப் போட்டேன்.
கட்டைவிரல் பழக்கத்தில்
தண்ணீர்ப் பஞ்சைத் தேடியது.
பதினொரு கட்டு, சில்லறை நாற்பத்தாறு.
ஜெசிந்தா மறுபேச்சில்லாமல் பதிவேட்டில் ஏற்றினாள்.
மை காயுமுன்னே
எங்கிருந்தோ ஒரு வல்லூறு.
அத்தனையும் எழுந்து
வெள்ளையாய்த் திரும்பி, இல்லாமல் போய்,
மறுபடி வெள்ளையாய்த் திரும்பி.
இந்தக் கணக்கை எந்தக் கல்லாவிலும் முடிக்க முடியாது.

திரும்பி வந்து இறங்கியவை
ஒவ்வொன்றும் ஒற்றைக் காலில் நின்றன.
ஐயோ, எல்லாமே நொண்டியா என்றேன்.
சிரித்துவிட்டாள்.
'குளிருக்கு வயித்துக்குள்ள மடக்கி வச்சிருக்கும்.
பொறுங்க, இறக்கும்.'

பொறுத்தேன்.
வெயில் உப்பளத்துப் பக்கமிருந்து ஏறியது.
ஒன்று இறக்கியது. இன்னொன்று.
வரிசையாகக் கதவு திறப்பதுபோல்
சிவப்புச் சிவப்பாய்க் கால்கள்.
கடைசியில் நின்றது மட்டும் இறக்கவில்லை.
அது நின்ற இடத்துக்கு அருகே
அறுந்த நரம்புவலை கொஞ்சம் கிடந்தது.
அலை தொட்டபோது
தத்தித் தத்தி ஓடியது, ஒற்றைக் காலிலேயே.
'ரெண்டு கால் இருந்தாலும் சிலது அப்படித்தான் தத்தும்,'
என்றாள், இந்த முறை சிரிக்காமல்.

வேன் ஹாரன் அடித்தது.
எல்லோரும் ஏறி ஜன்னலில் இருந்து கூப்பிட்டார்கள்.
கணக்கு நேராகாமல்
கவுன்ட்டரை விட்டு எழுந்த பழக்கமில்லை எனக்கு.
தொலைநோக்கியின் வார் பிடரியில் எரிந்தது.
அது அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.

மூன்றாம் ஹாரன்.

என் நோட்டில் கடைசி வரி:
பவளக்கால் உள்ளான். எண்ணிக்கை ஒன்று.
கால்