காறை

விண்ணப்பத்தில் வயதுக்கு இரண்டு கட்டம் விட்டிருந்தார்கள்.
ஒன்றில் நாலு, மற்றதில் மூன்று.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பிள்ளை
"மகளின்ர வயசைப் போடுங்கோ அன்ரி" என்றாள்.
"இது என்ர வயசு. படிக்கப்போறது நான்தான்."
பேனையை மூடித் திறந்தாள். மூடினாள்.
பிறகு தவணை அட்டையை என் பக்கம் தள்ளினாள்.

முதல் வருசத்துக்கு மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
முற்பணம் ஒன்றரை. மிச்சம் பத்து மாதம்,
பத்தாம் திகதிக்குள்.
பிந்தினால் தண்டம் என்று சின்ன எழுத்தில்.
அதைத்தான் முதலில் வாசித்தேன்.
பதினாறு வருசம் வார்டில் கட்டில் துடைத்தவளுக்குத் தெரியும்,
மருந்துப் போத்தலில் விசயம் எந்த எழுத்தில் இருக்குமென்று.

வங்கியில் அரச ஊழியர் இருவர் பிணை வேண்டுமாம்.
மச்சானுக்குப் பிரதேச சபையில் வேலை.
அவர் வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், பிஸ்கட் தந்தார்கள்,
ரீவியின் சத்தத்தைக் கூட்டித் தந்தார்கள்.
"படிச்சு முடிக்க நாப்பத்தாறு. ஆர் வேலை தருவினம், வதனி?"
படிக்காமல் விட்டாலும்
நாற்பத்தாறு வரத்தான் போகிறது.
சொல்லவில்லை.
பிஸ்கட்டைத் தோய்த்தேன், உடைந்து விழுந்தது,
அதோடு சேர்த்துக் குடித்தேன்.

திரும்பி வருகையில் திருமலை பஸ் நிலையத்தில்
மான் ஒன்று பத்திரிகை தின்றுகொண்டிருந்தது.
வேலைவாய்ப்புப் பக்கம்.
வயதெல்லை இருந்த மூலையை
முதலில் மென்றது. சிரித்துவிட்டேன்.

சீட்டில் எனக்குப் பதினோராம் நம்பர்.
முதலாவது, கிண்ணியா றிஸ்மியாவுக்கு.
பாமசியில் நிற்கிறவள். கூரைத் தகட்டுக்கென்று சேர்த்த காசு.
துண்டை என் கையில் மாற்றி வைத்தாள்.
"சும்மா இல்ல. என்ட நம்பர் வாற வரைக்கும்
ஞாயிறு ஞாயிறு மாமிக்குப் பிரஷர் பாக்கணும் நீங்க."
"எனக்கு இன்னும் பாக்கத் தெரியாதே."
"அப்ப கெதியாப் படிங்க."

சங்கிலியும் இரண்டு காப்பும் அடகுக்கடையில்.
என் கலியாணம் மூன்றே முக்கால் பவுண் என்றது தராசு.
"இன்ஜினை விக்கட்டோ?" என்றார் இவர்.
"மீன் பிடிக்காமல் பீஸ் கட்டேலாது."
ஒன்றும் பேசாமல் கரைக்குப் போனவர்
இன்ஜினைப் படங்கால் மூடிவிட்டு வந்து படுத்தார்.

இரவு, குசினி மேசை.
மகளுக்கு உயர்தரப் பரீட்சை, எனக்கு மாதாந்தச் சோதனை.
ஒரே பல்ப்.
அவளுக்குத் தமிழில், எனக்கு ஆங்கிலத்தில்
அதே எலும்புகள்.
"கிளாவிக்கிள், கிளாவிக்கிள்" என்று நாக்கு வழுக்கியது.
"காறை என்பு" என்றாள் நிதுர்ஷா, நிமிராமலே.
"காறையோ? அது கழுத்தில போடுற நகையல்லோ?"
"ஓம். அந்த இடத்தில இருக்கிறதாலதான் போல."

விரல் வைத்துப் பார்த்தேன்.
சங்கிலி கிடந்து வெளுத்த கோட்டுக்குக் கீழே,
இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் மட்டும்.
ஒரு தராசிலும் வைக்காமல்
இவ்வளவு காலமும் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அடுத்த நாள் பத்தாம் திகதி.
காறையைக் கொண்டுபோய்க் கட்டேலாது.
ஓவர்டைம் காசை எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு. கிண்ணியாப் பாலத்தில் பஸ்,
மடியில் இரவல் பிரஷர் மீற்றர். வெளியே மாரி.
றிஸ்மியா வீட்டில் வாளி மூன்று
போன கிழமை இருந்த இடத்தில் இல்லை.
அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.
மாமியின் மெலிந்த கையில் பட்டியைச் சுற்றி
காற்றடித்து, மெல்ல இறக்கி, காதைக் கொடுக்கிறேன்.
டொக். டொக்.
வாளியா, நாடியா?
மறுபடி அடிக்கிறேன்.

"எத்தின மகள்?"
"பொறுங்கோ உம்மா.
எண்ணுறேன்."