மூன்று எண்களையும் வாசி

பகடைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதற்கு
பாசலில் எனக்குச் சம்பளம்.
ஆட்டக்காரனின் அம்பு மூன்று முறை தவறினால்
நான்காவது தானே போய்த் தைக்க வேண்டும்.
ஒருமுறை, நேர்மையாகவே இருக்கட்டுமே என்று
பகடையை அதன் போக்கில் விட்டோம்.
ஒரே வாரத்தில் நூற்றுப் பதினேழு புகார்கள்:
உங்கள் பகடையில் கள்ளம்.

அந்த வாரம்தான் ஃப்ளுரீனா
சாப்பாட்டு மேசையில் கையெழுத்து வேட்டையில் இருந்தாள்,
கணினி வழி வாக்கு வேண்டாமென்று.
'நிரல் எழுதுகிறவள் சொல்கிறேன்,
நிரலை நம்பாதீர்கள்.
காகிதத்தைத் திருட ஆயிரம் கை வேண்டும்.
இதற்கு ஒரு கை, ஓர் இரவு.'
சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைப் பிட்டாள்.
நான் தலையாட்டினேன், கையெழுத்துப் போடவில்லை.
என்னிடம் இருப்பது பி அட்டை.
இந்த ஊர் என்னிடம் வரி கேட்கும்,
அபிப்பிராயம் கேட்காது.

மேசைக் கோடியில் பேயாட்.
தமிழில் எழுதினால் பேயாட்டம் போலிருக்கும்,
ஆள் பரம சாது.
ஒலி அவன் வேலை.
சோளமாவுப் பையைப் பிசைந்து
பனியில் நடக்கும் காலடி செய்வான்.
தோல் கையுறையை உதறினால் பருந்து பறக்கும்.
பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

'இருபத்திரண்டு வருடம்
என் அக்கா மார்லீஸ்தான் எனக்காக
ஆம், இல்லை எழுதினாள்.
சொன்னதைத்தான் எழுதினாளா என்று கேட்டதில்லை.
கேட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கெட்டுவிடும்.'

ஃப்ளுரீனா மென்று விழுங்க
வெகுநேரம் ஆயிற்று.

பிறகு என் பக்கம் திரும்பினான்:
உன் ஊர் இயந்திரம் எப்படி ஒலிக்கும்?

கரூரில் பள்ளிக்கூட அறை, அட்டை மறைப்பு,
நீலப் பொத்தான்.
உதட்டைக் குவித்து
பீ....ப் என்று நீட்டினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் துண்டுச் சீட்டு ஒன்று
ஏழு நொடி நிற்கும், விழுந்துவிடும்.
'ஏழு நொடி பார்த்துவிட்டு?'
'வீட்டுக்குப் போவோம்.'
'நம்புவீர்களா?'
'ஜெயித்த கட்சி நம்பும்.'
என் பீப்பைப் பதிவு செய்துகொண்டான்.
எங்கள் ஆட்டத்தில் நான்காம் கோட்டைக் கதவு
இப்போது அந்தக் குரலில்தான் திறக்கிறது.

பிப்ரவரியில்
நகர நீச்சல்குளத்துக்குக் கூரை வேண்டுமா என்று வாக்கெடுப்பு.
பேயாட்டுக்குத் தபாலில் குறியீட்டுத் தாள் வந்தது.
கண்ணில்லாதவனுக்கு அச்சடித்த தாள்.
அரசாங்கம் எங்கும் அரசாங்கம்தான்.
ஆம் என்றால் ஓர் எண், இல்லை என்றால் ஓர் எண்,
வெறுமனே விட்டாலும் ஓர் எண்.
அனுப்பிய வாக்குக்குத் திரை திருப்பிச் சொல்லும் எண்
தாளோடு பொருந்தினால்
வழியில் யாரும் கை வைக்கவில்லை.

வாசித்துக் காட்டும் கருவி அவனிடம் உண்டு.
'அதுவும் இயந்திரம். நீ வாசி.
மூன்று எண்களையும் வாசி.
ஒரே வேகத்தில்.'

ஒலிப்பதிவு அறையைத் தாழிட்டோம்.
கிளாரா சதுக்கத்து டிராம் வளையும் கிறீச்சு
அங்கே எட்டாது.
காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தட்டினான்,
காத்திருந்தான், விரலை உயர்த்தினான்.

ஆம்: நான்கு, பூஜ்யம், ஒன்பது, இரண்டு.
இல்லை: ஏழு, ஏழு, மூன்று, ஆறு.
வெறுமை: ஒன்று, எட்டு, ஐந்து, ஐந்து.

எந்த வரியில் அவன் முகம் மாறும் என்று பார்த்தேன்.
பிழை பிடிப்பது என் பிழைப்பு.
மாறவில்லை.
சரி என்றான். கடைசிப் பொத்தானை அழுத்தினான்.

குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுக்க
விவரமறியாத சிறுவனைத் தேடினார்களாம்.
முப்பத்தாறு வயதில்
அந்த வேலை கிடைத்தது எனக்கு.

'வேலை செய்கிறதா?' என்றாள் ஃப்ளுரீனா மாலையில்.
மூன்று எண் வாசித்தேன், ஒன்று அவனுடையது
என்றேன்.
அவள் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள்,
கிழிக்கவில்லை.

கூரை தோற்றுப்போனது.
திங்கட்கிழமை, பேயாட்டுக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று
அவன் நடையில் காது வைத்துப் பார்த்தேன்.
வெளியே பனி.
சோளமாவு மாதிரியே கேட்டது.